ஒரு குண்டு பட்டதும் வெடித்துவிடுமா விமானம்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் கம்ப்யூட்டர் விளையாட்டுகளைப் பற்றிய கட்டுரையில், "போர் விமான விளையாட்டுகள் எல்லாம் ஒன்றுதான், ஒரு குண்டு பட்டதும் விமானம் வெடித்துச் சிதறும், நிஜத்தோடு ஒட்டும் இல்லை உறவும் இல்லை" என்று ஒரு வரி. எழுதியவர் பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பையனின் செல்போனை எட்டிப் பார்த்துவிட்டு எழுதினாரோ என்னவோ.

நான் விமானப்படையில் ஏர்ஃபிரேம் ஃபிட்டராக, அதாவது விமானத்தின் உடற்பகுதியைப் பழுதுபார்ப்பவனாக இருந்து ஓய்வு பெற்றவன். இப்போது திருவையாறு பக்கம் விவசாயம். ராத்திரி மும்முனை கரண்ட் வந்ததும் மோட்டாரைப் போட்டுவிட்டு, வயல் நிறையும்வரை அண்ணன் மகனோடு கம்ப்யூட்டரில் ஐஎல்-2 ஸ்டர்மோவிக் என்ற போர் விமான விளையாட்டை ஓட்டுவேன். 2001லேயே வந்த விளையாட்டு அது. விமானத்துக்கு மொத்தமாக ஒரு உயிர்க்கணக்கு வைத்துக் கழிக்கிற வேலை அதில் கிடையாது, குண்டு எங்கே பட்டது, எது உடைந்தது என்பதுதான் கணக்கு. ஜெர்மனியின் மெசர்ஷ்மிட் 109 போர் விமானத்துக்கு, எஞ்சினைக் குளிர்விக்கும் ரேடியேட்டர் இறக்கைக்கு அடியில். அதில் ஓட்டை விழுந்தால் பின்னால் வெள்ளையாகக் கோடு போகும், விமானம் பாட்டுக்குப் பறக்கும், உஷ்ண முள் மட்டும் ஏறிக்கொண்டே போய் கடைசியில் எஞ்சின் இறுகி நின்றுவிடும். சேற்றுழவில் டிராக்டர் ரேடியேட்டர் ஒழுகுவதைக் கவனிக்காமல் ஓட்டியவர்களுக்கு இது புரியும். அமெரிக்காவின் தண்டர்போல்ட் விமானத்துக்கு அந்தத் தொல்லையே இல்லை, 18 சிலிண்டரும் காற்றில் குளிர்பவை, ஒன்றிரண்டு போனாலும் எண்ணெயைக் கக்கிக்கொண்டு வீடு வந்து சேரும்.

குறை இல்லாமல் இல்லை. இறக்கை பல நேரம் சீராகத் துண்டாகிறது, நிஜத்தில் தகடு கிழிந்து தொங்கும். பருந்து மோதி இறக்கையின் முன்விளிம்பு சப்பிப்போன விமானம் ஒழுங்காக வந்து இறங்கியதை என் சர்வீஸில் பார்த்திருக்கிறேன். ரிவெட்டைக் குடைந்து தகட்டைக் கழற்றினால் உள்ளே இறகும் ரத்தமும், இறக்கைக்குள் இருக்கும் ரிப் என்ற குறுக்குச் சட்டம் ஒன்று வளைந்திருந்தது, அவ்வளவுதான். 1983ல் இஸ்ரேலில் நடுவானில் மோதி ஒரு பக்க இறக்கை ஏறக்குறைய முழுசாகப் போன எஃப்-15 போர் விமானத்தை பைலட் தரையிறக்கினாரே, தங்களுக்குத் தெரியாததா?

சரி, இது ஒன்றுதான் என்றால் விட்டிருப்பேன். 2020 ஜனவரியில் தஞ்சாவூருக்கு சுகோய்-30 போர் விமானப் பிரிவு (ஸ்குவாட்ரன்) வந்தபோது நீங்கள் போட்ட படம் மிக்-29 என்ற வேறு விமானம். நம் சுகோய்க்குத்தான் காக்பிட்டுக்குப் பின்னால் குட்டி இறக்கை, அது இருக்கிறதா என்று பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும். எழுதினேன், பதில் இல்லை. ஒலியை மிஞ்சிப் பறக்கும்போது வரும் அதிர்வுக்கு "மர்ம வெடிச்சத்தம், மக்கள் பீதி" என்று இன்னும் எத்தனை தடவை தலைப்புப் போடுவீர்கள்? விமானப்படைத் தளத்தை ஊரிலேயே வைத்துக்கொண்டு மர்மமாம். அப்புறம், குறுவை நெல்லின் ஈரப்பதம் பற்றி நான் எழுதியதை இரண்டு வரியாக வெட்டினீர்கள், பெயரையும் ஊரையும் மட்டும் முழுசாகப் போட்டீர்கள், கொள்முதல் நிலையத்தில் இன்றுவரை எனக்கு முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. "எல்லாம் ஒன்றுதான்" என்பதைச் "சில அப்படி" என்று திருத்தி அடுத்த ஞாயிறு ஒரு வரி போடுங்கள். இடம் இல்லையென்றால் ராசிபலனுக்குக் கீழே போட்டாலும் சரி. பெயர் வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விமானப்படை ஊழியர்,
திருவையாறு வட்டம்