ஹேண்டி ரைஃபிள் ஏன் நின்றது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அமெரிக்கத் துப்பாக்கி ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்படுவதைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஹாரிங்டன் அண்ட் ரிச்சர்ட்சன் (சுருக்கமாக எச் அண்ட் ஆர்) நிறுவனம் செய்துவந்த 'ஹேண்டி ரைஃபிள்' என்ற ஒற்றைத் தோட்டா வேட்டை ரைஃபிள் 2015இல் நிறுத்தப்பட்டதை, துப்பாக்கி மோகம் குறைந்துவருவதற்கு அடையாளம் என்று கட்டுரையாளர் ஒரே வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார். பென்சில்வேனியாவில் குடியிருப்பவன், வேலைக்காலம் முழுவதையும் லேத் பட்டறைகளில் கழித்தவன் என்ற முறையில் அந்த வரியைச் சும்மா விட மனம் வரவில்லை. நடந்தது கிட்டத்தட்ட நேர்மாறான கதை.

அது எப்படிப்பட்ட துப்பாக்கி என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை என்பதே நமக்குப் பழங்கதை ஆகிவிட்டதால், எல்லா ரைஃபிளும் ஒன்றுதானே என்று தோன்றுவது இயல்பு. ஹேண்டி ரைஃபிளுக்கு மேகசின், அதாவது தோட்டாக்களை அடுக்கி வைக்கும் பெட்டி, கிடையாது. பாக்குவெட்டியைத் திறப்பதுபோல நடுவில் மடக்கிக் குழலின் பின்வாயில் ஒரே ஒரு தோட்டாவைப் போட்டு மூட வேண்டும். பின்பக்கம் துருத்திக்கொண்டிருக்கும் சுத்தியல் போன்ற ஹாமரைக் கட்டைவிரலால் இழுத்து வைத்தால்தான் சுடவே முடியும். அப்போதும் விசையை முழுக்க அழுத்தினால்தான் ஒரு சின்ன இரும்புத் தகடு மேலேறி ஹாமரின் அடியை, தோட்டாவைக் குத்தி வெடிக்கவைக்கும் ஊசிக்குக் கடத்தும். இல்லையென்றால் அடி ஊசியில் படாது. துப்பாக்கி கைதவறி விழுந்தாலும் வெடிக்கக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. மடக்கித் திறந்து வைத்திருந்தால் உள்ளே தோட்டா இருக்கிறதா என்று பத்தடி தள்ளி நிற்பவருக்கும் தெரியும்.

இதனால்தான் பிள்ளைகளுக்கு மான் வேட்டை பழக்குகிறவர்கள் இதைத் தேடி வாங்கினார்கள். சிறுவர் தோளுக்கு ஏற்றபடி, தோளில் பதியும் பின்கட்டையைக் குறுக்கிய மாடலும் இருந்தது. எங்கள் மாநிலத்தில் தானாகத் தோட்டா ஏற்றிக்கொள்ளும் ரைஃபிளால் மானைச் சுடச் சட்டம் அனுமதிப்பதில்லை என்பதையும் சேர்த்துப் பாருங்கள். விலை, புதிதாகவே 200, 300 டாலர்தான். எனக்கு வேட்டையில் ஆர்வம் இல்லை, மான் கறியிலும் அவ்வளவு பிரியம் இல்லை. ஆனால் என் தெருவிலேயே அப்பா, மகன், பேரன் என்று மூன்று தலைமுறை கைமாறிய ஒற்றைக்குழல்களைப் பார்த்திருக்கிறேன்.

என் தொழில்புத்தியைக் கிளறியது இன்னொரு விஷயம். குழல் நீங்கலான ஒரே பாடிக்கு வெவ்வேறு அளவுக் குழல்களை மாட்டிக்கொள்ளலாம். ஆனால் கடையில் குழலை மட்டும் வாங்கிவந்து வீட்டில் மாட்ட முடியாது. பாடியைத் தொழிற்சாலைக்கே அனுப்ப வேண்டும். அங்கே ஒருவர் புதுக் குழலை அந்தப் பாடியோடு வைத்துப் பார்த்து, இரண்டும் கவ்வும் இடத்தைச் சரிசெய்து பொருத்தி அனுப்புவார். இருநூறு டாலர் சரக்குக்கு இப்படிக் கைவேலை! இதைக் கட்டுப்படியாகும்படி செய்ய, வேலை பழகிய ஆட்கள் ஒரே இடத்தில் நிலைத்திருக்க வேண்டும். அந்த இடத்தைத்தான் முதலில் மூடினார்கள்.

நிறுவனம் 1871இல் மாசசூசெட்ஸின் வூஸ்டர் நகரில் தொடங்கியது. 1986இல் அந்த ஆலை மூடப்பட்டது. பிறகு பக்கத்துக் கார்ட்னர் நகரில் புது நிர்வாகத்தில் அதே பெயர் உயிர்பெற்றது. 2000இல் மார்லின் நிறுவனம் அதை வாங்கியது. அதுவரை துப்பாக்கிக்காரர்கள் துப்பாக்கிக்காரர்களிடம் விற்ற கதை. அப்புறம் வந்தது செர்பரஸ் என்ற நியூயார்க் முதலீட்டு நிறுவனம். 2006இல் புஷ்மாஸ்டர், 2007இல் ரெமிங்டன், அதையடுத்து ரெமிங்டன் வழியாக மார்லின் என்று துப்பாக்கி நிறுவனங்களை ஒவ்வொன்றாக அது வாங்கியது. மார்லினோடு எச் அண்ட் ஆரும் மூட்டையில் சேர்ந்து போனது. 2008இலேயே கார்ட்னர் ஆலையை மூடி, வேலையை நியூயார்க் மாநிலத்தின் இலியன் ஊரில் இருந்த ரெமிங்டன் ஆலைக்கு மாற்றினார்கள். மார்லினின் சொந்த ஆலைக்கும் 2011இல் அதே கதி. இயந்திரத்தை லாரியில் ஏற்றலாம். முப்பது வருடம் அதை ஓட்டியவர் வீட்டை விற்றுவிட்டுப் பின்னாலேயே வந்துவிடுவாரா? இலியனிலிருந்து வந்த முதல் சில வருட மார்லின்களின் தரம் பற்றி வேட்டைக்காரர்கள் இன்றைக்கும் திட்டுகிறார்கள்.

2015 பிப்ரவரியில் ஒற்றைத் தோட்டா வரிசை மொத்தமும் நிறுத்தப்பட்டது.

மோகம் குறைந்ததால்தான் இது நடந்தது என்றால், அந்தக் காலத்தில் அதே குழுமம் வேறு எதை விற்றுக்கொண்டிருந்தது என்று பார்க்க வேண்டாமா? 2012 டிசம்பரில் கனெக்டிகட் மாநிலத்தின் சாண்டி ஹூக் பள்ளியில் 20 குழந்தைகளையும் 6 பெரியவர்களையும் கொன்றவன் கையில் இருந்தது புஷ்மாஸ்டர் ரைஃபிள். செர்பரஸ் கையில் இருந்த அதே புஷ்மாஸ்டர். அடுத்த சில மாதங்களில், சட்டம் வந்து தடுத்துவிடுமோ என்ற பயத்திலேயே மக்கள் வரிசையில் நின்று அந்த வகைத் துப்பாக்கிகளை வாங்கினார்கள். ஆக, முப்பது தோட்டா மேகசின் போட்ட ரைஃபிளுக்குக் கிராக்கி குறையவில்லை. கடைசியில் கைவிடப்பட்டது, ஒரு தடவைக்கு ஒரு தோட்டா மட்டும் போகிற துப்பாக்கி.

ஒற்றைத் தோட்டாவை வாங்க ஆளில்லை என்பதும் முழு உண்மை இல்லை. அதுவரை மான் வேட்டைக்கு ரைஃபிளை அனுமதிக்காத ஒஹாயோவிலும் மிச்சிகனின் தென்பகுதியிலும் 2014இல்தான், நேர்ச்சுவர் கொண்ட, அதாவது கழுத்துப் பக்கம் குறுகாத, குறிப்பிட்ட தோட்டாக்களை மட்டும் பயன்படுத்தும் ரைஃபிள்களுக்கு வழிவிட்டார்கள். அந்த வகைத் தோட்டாக்கள் சிலவற்றுக்கு ஹேண்டி ரைஃபிள் ஏற்கனவே தயாராக இருந்தது. வாசல் திறக்கும் நேரம் பார்த்துக் கடையைச் சாத்திவிட்டார்கள் என்பேன். 2017இல் ஹென்றி நிறுவனம் மடக்கும் ஒற்றைத் தோட்டா ரைஃபிளைப் புதிதாகக் கொண்டுவந்தது. ஸ்பெயினில் செய்த குழலோடு சி.வி.ஏ. நிறுவனத்தின் ஸ்கவுட் என்ற ஒற்றைத் தோட்டா ரைஃபிளும் விற்கிறது. இரண்டுமே ஹேண்டி ரைஃபிளின் விலைக்குக் கிடைப்பதில்லை.

கட்டுரையாளர் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். 2011, 2012 வாக்கில் சாவேஜ் ஆக்ஸிஸ், ரூகர் அமெரிக்கன் என்று மலிவான போல்ட் ரைஃபிள்கள் (கைப்பிடியை முன்னும் பின்னும் இழுத்துத் தோட்டா ஏற்றுபவை) வந்தன. இன்னும் கொஞ்சம் பணம் போட்டால் மேகசின் உள்ள துப்பாக்கியே கிடைக்கும் என்றால் பலர் அந்தப் பக்கம் போகத்தான் செய்வார்கள். ஹேண்டி ரைஃபிளின் விற்பனை அதனால் அடி வாங்கியிருக்கும். ஆனால் அந்தப் போட்டியும் மக்கள் துப்பாக்கியை விட்டு விலகியதைக் காட்டவில்லையே.

கட்டுரையாளர் அதே பத்தியில் ரூகர் நிறுவனத்தின் நம்பர் ஒன் என்ற ரைஃபிளையும் சேர்த்து எழுதியிருக்கிறார். அதுவும் ஒற்றைத் தோட்டாதான், ஆனால் வேறு ரகம். 1872இல் காப்புரிமை பெற்ற ஜான் ஃபார்குவார்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரரின் அமைப்பை மனதில் வைத்து 1960களில் பில் ரூகர் கொண்டுவந்தது. நெம்புகோலை இறக்கினால் பின்னால் உள்ள இரும்புக் கட்டை கீழே இறங்கித் தோட்டா போட வழிவிடும். வால்நட் கட்டை, பார்த்துப் பார்த்துச் செய்த பூச்சு. எத்தனையோ வகை வாங்க வசதி இருந்தும், ஒரே குண்டில் முடிப்பேன் என்று வீம்பு பிடிப்பவர்கள் வாங்குவது. ஹேண்டி ரைஃபிளை வாங்கியவர் முதல் சம்பளக்காரர், அல்லது மூன்று பிள்ளைகளின் தகப்பன். இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

பிறகு நடந்ததுதான் எனக்கு அதிகம் உறுத்துகிறது. ரெமிங்டன் 2018இலும் 2020இலும் திவால் மனு போட்டது. இரண்டாவது முறை பிராண்டுகளைத் துண்டு துண்டாக ஏலம் விட்டார்கள். மார்லினை ரூகர் எடுத்து, 2021 இறுதியில் வட கரோலினாவில் மறுபடி தயாரிக்கத் தொடங்கி, அந்தப் பெயருக்கு மரியாதையைத் திருப்பிக் கொடுத்தது. எச் அண்ட் ஆர் பெயரை எடுத்தது ஜே.ஜே.இ. கேபிடல் என்ற நிறுவனம். இன்று அந்தப் பெயரைத் தாங்கி வருவது வியட்நாம் போர்க்காலத்து எம்16 என்ற ராணுவ ரைஃபிளின் ஜாடையில் செய்த ரைஃபிள். அந்தப் போர்க்காலத்தில் எச் அண்ட் ஆர் ராணுவத்துக்கு எம்16 செய்து கொடுத்தது உண்மை. ஆகவே பெயரைப் போட அவர்களுக்கு உரிமை இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் மோகம் எந்தப் பக்கம் போயிருக்கிறது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி எனக்குத் தேவையில்லை.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். இந்த விஷயத்தை மறுபடி எழுதுவதாக இருந்தால் இலியன் ஊரைப் பற்றி எழுதச் சொல்லுங்கள். 1828 முதல் ரெமிங்டனோடு சேர்ந்தே வளர்ந்த ஊர் அது. மற்ற ஊர்களின் ஆலைகளை மூடி அங்கே கொண்டுபோனார்கள். கடைசியில் 2024 மார்ச்சில் அந்த ஆலையும் மூடப்பட்டது, வேலை ஜார்ஜியாவுக்குப் போனது. சென்ற கட்டுரையில் அதற்கு ஒரு வரிகூட இல்லை.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
பென்சில்வேனியா

பி.கு.: கட்டுரையோடு 'ஒற்றைத் தோட்டா ரைஃபிள்' என்று போட்டிருந்த படத்தில் போல்ட்டும் தெரிகிறது, கீழே மேகசினும் தெரிகிறது. அடுத்த இதழில் திருத்தம் போட்டால் நல்லது.