அம்மாவுக்கு, கயானா மாபுரா ஹில்லிலிருந்து

அன்புள்ள அம்மாவுக்கு,

செல்வி எழுதின கடிதம் ஜார்ஜ்டவுன் ஆபீஸ்ல கிடந்து, சாமான் லாரியோட இப்பத்தான் கைக்கு வந்துச்சு. நான் நல்லா இருக்கேன். கயானாவிலயும் நம்ம மாதிரி இடது பக்கம்தான் வண்டி ஓட்டுறாங்க, அதனால கவலைப்படாதே. சாப்பாட்டுக்கும் குறையில்ல. கசப்பு மரவள்ளிச் சாறைக் கருக்கக் காய்ச்சி, அதுல கறியைப் போட்டு பெப்பர்பாட்னு ஒண்ணு வைக்கிறாங்க. தினம் கொதிக்க வெச்சா பல நாள் கெடாது. ஆனா உன் கருவாட்டுக் குழம்பு பக்கத்துல அது நிக்காது.

கேம்ப்ல வெட்டுறது கிரீன்ஹார்ட் மரம், தண்ணியில போட்டா மூழ்கும். என் ஜெனரேட்டர் ஷெட்டுக்குப் பின்னாடி அப்படி ஒரு மரத்தடியில எனக்குப் பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி. சிலந்தி. செல்வி, வாசிக்கிறதை நிறுத்தாதே! கோலியாத் பேர்ட்ஈட்டர்னு சொல்றாங்க. எடையில உலகத்துலயே பெருசு, 170 கிராம் வரைக்கும் வரும். காலை விரிச்சா ஒரு அடிக்குக் கிட்ட. ஈரக் காட்டுல எலி விட்டுட்டுப் போன வளையில குடியேறி, வாசல்ல நூல் இழைச்சு வெச்சிருக்கா. தின்னுறது பெரும்பாலும் மண்புழு, பூச்சி, தவளை. இருட்டினதும் வாசலுக்கு வருவா. கண்ணு மங்கல், மண்ணு அதிர்றதை வெச்சே நான் வர்றது தெரிஞ்சு உள்ள போயிடுவா.

புதுசா வந்த பையன் குச்சியால கிண்டினான். கால் முடியை ஒண்ணோடொண்ணு உரசி, தோசைக்கல்லுல தண்ணி தெளிச்ச மாதிரி சீறினா. அப்பவும் அவன் விடல. பின்னங்காலால வயித்து முடியைத் தேய்ச்சுக் காத்துல பறக்கவிட்டா பாரு, பய சொறிஞ்சு தீர்த்துட்டான்! முடி கண்ணுல படாததால தப்பிச்சான். கடிச்சாலும் குளவி கொட்டின வலிதானாம், ஆள் சாகாது. மத்தவங்க மண்வெட்டியைத் தூக்கினாங்க, நான்தான் விடல. ராத்திரி ஜெனரேட்டரை நிறுத்தினதும் டார்ச் அடிச்சு, இருக்காளான்னு பார்த்துட்டுத்தான் படுப்பேன்.

இந்தச் சிலந்தியில பொம்பளைக்கு 20 வருஷம் வரைக்கும் ஆயுசு. ஆம்பளை பெருசானதும் வளையை விட்டுட்டு ஜோடி தேடி அலையும், சில மாசத்துல எங்கயாவது முடிஞ்சுபோகும். அன்னைக்கு ஒண்ணு மழையில நனைஞ்சு கேம்ப் படிக்கட்டுல வந்து நின்னுச்சு. விரட்ட மனசு வரலம்மா. தகரத்துல மழை விழுந்தா எனக்கு மும்பை தாராவியில நம்ம கோலி, அந்த ஒத்தை ரூம் வீடுதான் ஞாபகம். நீ மோரியில, அந்தக் கழுவுற மூலையில, பாத்திரம் தேய்க்கிறன்னு நெனச்சுக்கிட்டுக் கிடப்பேன்.

சரி, அதை விடு. இந்த மாசப் பணம் கொஞ்சம் பிந்தும். ஆபீஸ்ல ஏதோ கணக்கு மாத்துறாங்களாம், வேற ஒண்ணுமில்ல. சீட்டுக்கு மாமாகிட்ட வாங்கிக் கட்டு. வளையலை அடகு வைக்காதே. தாராவியை இடிச்சுப் புதுசா கட்டுறதுக்கு வீடு கணக்கெடுக்குற சர்வேக்காரங்க வந்தா 2000-க்கு முந்தின கரண்ட் பில்லு, ரேஷன் கார்டு ரெண்டையும் காட்டு, ஆனா ஜெராக்ஸ் மட்டும் கொடு. அண்ணன் எதுலயும் கையெழுத்துப் போடுறதுக்கு முன்னால என்கிட்ட பேசணும். ஞாயித்துக்கிழமை லாரி லிண்டன் டவுனுக்குப் போகும், அங்கதான் சிக்னல். உங்களுக்குச் சாயங்காலம் 6.30, எனக்குக் காலையில 9 மணி.

மாப்பிள்ளை வீட்டுல எத்தனை பவுன் கேட்டாங்கன்னு மட்டும் செல்வி எழுதாம விட்டிருக்கா. கேட்டு எழுதச் சொல்லு.

உன் மகன்,
கணேசன்