பேச்சு போனால் புத்தியும் போய்விடுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற வார இதழில் பக்கவாதம் பற்றிய கட்டுரை படித்தேன். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும் என்பதைப் பெரிய எழுத்தில் போட்டிருந்தீர்கள், நல்ல காரியம். ஆனால் கை காலுக்கு இரண்டு பக்கம் ஒதுக்கியவர், ‘சிலருக்குப் பேச்சும் புத்தியும் போய்விடும்’ என்று ஒரே வரியில் தாண்டிவிட்டார். என் சண்டை அந்த வரியோடுதான்.

என் அப்பா பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். போன ஆவணியில் பக்கவாதம் வந்து வலது கை விழுந்தது, கூடவே பேச்சும். காபி வேண்டுமா என்றாலும் ‘போலாம் ரைட்’, கால் வலிக்கிறதா என்றாலும் ‘போலாம் ரைட்’. குரல் ஏறுவதையும் இறங்குவதையும் வைத்துத்தான் கோபமா சம்மதமா என்று கண்டுபிடிப்போம். பார்க்க வந்தவர்கள் செவிடரிடம் பேசுவதுபோலக் கத்தினார்கள். நாங்கள் மட்டும் என்ன, பேச வராவிட்டால் எழுதட்டும் என்று சிலேட்டும் பல்பமும் வாங்கி வைத்தோம். பழுது நாக்கில் இல்லை, மூளையின் இடப்பக்கத்தில் மொழியைக் கவனிக்கும் பகுதியில். அதனால் எழுத்தும் சேர்ந்தே தடுமாறும் என்று பேச்சுப் பயிற்சி தருபவர் சொன்ன பிறகுதான் விளங்கியது. மூளை பழுதால் மொழி தடுமாறும் இந்த நிலைக்கு அஃபேசியா என்ற பெயரே அன்றைக்குத்தான் எங்கள் காதில் விழுந்தது, மூன்று மாதம் கழித்து! டிஸ்சார்ஜ் சீட்டில் பிசியோதெரபி மட்டும்தான் எழுதியிருந்தது.

1861-இல் பாரிஸ் பக்கத்து பிசெத்ர் மருத்துவமனையில் லெபோர்ன் என்றொரு நோயாளி இருந்தார். எதைக் கேட்டாலும் ‘தான்’ என்ற ஒற்றை ஓசைதான் வரும். இங்கே எத்தனை வருஷமாக இருக்கிறாய் என்று டாக்டர் ப்ரோகா கேட்டதற்கு, நாலு முறை கையை விரித்துக் காட்டி, அப்புறம் ஒரு விரலை நீட்டினாராம். இருபத்தொன்று. கணக்கு சரி.

எங்கள் அப்பாவும் அப்படித்தான். கடைக்காரர் பத்து ரூபாய் குறைத்துக் கொடுத்தால் விரலை ஆட்டி வாங்காமல் விடமாட்டார். ‘தண்ணீர்’ என்று கேட்கத் தெரியாது. ஆனால் ‘தஞ்சாவூர்’ என்று எடுத்துக் கொடுத்தால் பசுபதிகோவில், அய்யம்பேட்டை, பாபநாசம், தாராசுரம் என்று கும்பகோணம் வரை நிற்காமல் ஓடும். மனப்பாடமாய் ஓடுகிற பேச்சு வேறு, யோசித்துச் சொல்லும் பேச்சு வேறாம். எண்கள், பாட்டு, ஏன் கெட்ட வார்த்தைகூட இப்படித் தப்பிப் பிழைப்பதுண்டு.

எல்லோருக்கும் ஒரே மாதிரி இல்லை என்பதும் உண்மை. இன்னொரு வகையில் பேச்சு சரளமாக வரும், அர்த்தம் இருக்காது, பிறர் சொல்வதும் சரியாகப் புரியாது. 1874-இல் ஜெர்மன் டாக்டர் வெர்னிக்கே விவரித்தது அதைத்தான். அவர்களைப் பைத்தியம் என்றே முடிவு கட்டிவிடுகிறார்கள்.

பென்ஷன் வாங்கும் வங்கியில் ஓர் அதிகாரி, அப்பாவை எதிரில் உட்கார வைத்துக்கொண்டே என்னிடம், “புத்தி சுவாதீனம் இல்லாதவர்தானே, சர்டிபிகேட் வாங்கிட்டு வாங்க” என்றார். அப்பாவுக்கு அது ஒரு வார்த்தை விடாமல் புரிந்தது. வீடு வரும்வரை அந்த ‘போலாம் ரைட்’கூட வரவில்லை.

பேச்சுப் பயிற்சி பற்றி ஒரு தனிக் கட்டுரை போடுங்கள். ஆமாம், இல்லை என்று தலையாட்டிப் பதில் சொல்கிற மாதிரி கேட்பது, வார்த்தையைப் பிடுங்காமல் காத்திருப்பது, படம் காட்டுவது என்று வீட்டிலேயே செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. முதல் சில மாதங்களில்தான் முன்னேற்றம் வேகமாக இருக்குமாம். எங்களுக்கு அதில் மூன்று மாதம் வீணாகப் போனது.

— ஒரு வாசகி, கும்பகோணம்