ஏற்றின லொறிக்கு முன்கூட்டியே சொல்லவேணும்

கோப்பாய்,
ஞாயிறு காலை

அன்பின் மச்சான்,

நான் நலம், உன் நலமறிய ஆவல் என்று தொடங்கினால் சிரிப்பாய். நேற்றிரவுதான் வாட்ஸ்அப்பில் உன் முகத்தைப் பார்த்தேன். ஆனால் பேரனைப் பற்றி நீ கேட்டதற்கு இரண்டு வரியில் பதில் போட மனம் வரவில்லை.

பத்தொன்பது வயதில் லொறி ஓட ஏ இசட் லைசென்ஸ் எடுக்கப் போகிறானாம், மகள் அழுகிறாளாம், நீ நடுவில் நிற்கிறாயாம். கனடாவில், உங்கள் ஒன்ராறியோ மாகாணத்தில் 18 வயதில் எடுக்கலாம், சரி. எல்லை தாண்டி அமெரிக்காவுக்குள் சரக்குக் கொண்டுபோக 21 ஆகவேணும் என்பதை அவன் யோசித்தானா? அங்கே மாநிலம் விட்டு மாநிலம் ஓடுவதற்கே 21தான். 2021இல் ஒரு சட்டம் போட்டு, 18 தாண்டிய பிள்ளைகள் 3000 பேர்வரை பரீட்சார்த்தமாக விட்டுப் பார்க்க வழி செய்தார்கள். முதலில் 120 மணித்தியாலம், பிறகு 280. அவ்வளவு நேரமும் 26 வயதுக்குக் குறையாத, அனுபவமுள்ள சாரதி பக்கத்தில் இருக்கவேணும் என்று வைத்திருந்தார்கள். படித்ததும் சிரிப்பு வந்தது. கிளீனர் சீற்றில் நீயும் நானும் இருந்ததை யார் மணிக்கணக்கில் எழுதி வைத்தார்கள்?

இதுவரை உனக்குச் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். 1980, உனக்குக் காய்ச்சல் என்று நீ வராத நடை. புறக்கோட்டைக்கு வெங்காயம். லொறி ஓடும் அண்ணை முதல்நாள்தான் கொழும்பால் திரும்பியிருந்தார். வெங்காயம் அழுகிவிடும் என்று முதலாளி அன்றிரவே மறுபடி அனுப்பிவிட்டார். நடைக் கணக்கில் சம்பளம், அண்ணையும் மறுக்கவில்லை. மதவாச்சி தாண்டியதும் "கொஞ்சம் பிடியடா" என்று ஸ்டியரிங்கை என்னிடம் தந்துவிட்டு, சாய்ந்த மாதிரியே நித்திரை. எனக்குப் பதினேழு. லைசென்ஸும் இல்லை, பயமும் இல்லை.

றோட்டுச் சூட்டுக்கு மாடுகள் படுத்திருந்தன. வெளிச்சத்தில் கண்கள் மின்னியதும் மிதித்தேன். அந்தப் பெட்போர்ட் லொறி நின்றபாடில்லை. நூறு மூட்டையும் பின்னாலிருந்து முதுகில் கைவைத்துத் தள்ளுவதுபோல இருந்தது. ஒடித்தேன், இடதுபக்கச் சில்லு கிரவலில் இறங்கி, ஒரு மருதமரத்துக்கு இரண்டு முழம் முன்னால் நின்றது. எனக்குக் கால் ஆடுகிறது. மாடு கிடந்த இடத்திலேயே அசைபோட்டுக்கொண்டு கிடந்தது.

அண்ணை இறங்கிச் சில்லைப் பார்த்தார், பீடி ஒன்று பற்றவைத்தார். அடிப்பார் என்றுதான் நினைத்தேன். "வெறும் லொறி சொல்லக் கேக்கும். ஏத்தின லொறிக்கு முன்கூட்டியே சொல்லவேணுமடா" என்றார். அதன் பிறகு மூன்று வருசம் அவர் பக்கத்தில் இருந்து பழகித்தான் நான் தனியாக ஓடினேன்.

உங்கள் கனடாவின் சஸ்கச்சுவானில் 2018 சித்திரையில் நடந்தது நினைவிருக்கும். ஹொக்கிப் பிள்ளைகளின் பஸ்ஸும் ஒரு லொறியும் மோதி, பதினாறு பேர் போனார்கள். லொறி ஓடியவன் சின்னப் பெடியனில்லை, 29 வயது. வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதமும் இல்லை, இரண்டு கிழமை பக்கத்தில் ஆள் இருந்ததோடு தனியே விட்டுவிட்டார்கள். தார்ப்பாய் அவிழ்ந்து அடிப்பதைக் கவனித்துக்கொண்டு வந்ததில் நிறுத்தற் பலகையைக் காணவில்லை என்று வழக்கில் சொன்னார்கள். தார்ப்பாய் பார்ப்பது இங்கே கிளீனர் வேலை, மச்சான். அந்தச் செய்தி படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதனால் வயது எனக்குப் பெரிய பிரச்சினையாகத் தெரியவில்லை. நித்திரை விழித்து ஓடச்சொல்லும் முதலாளிதான் பிரச்சினை. சாரதிகள் தட்டுப்பாடு என்று அமெரிக்காவில் பெரிய கம்பனிகள் வயதைக் குறைக்கக் கேட்க, சொந்த லொறி ஓடுகிறவர்களின் சங்கம் எதிர்த்ததாம். ஆளில்லாமல் இல்லை, நல்ல சம்பளம் கொடுத்தால் நிற்பார்கள் என்பது அவர்கள் வாதம். மைல் கணக்கில் சம்பளம், நம் நடைக் கணக்கின் தம்பி.

இங்கும் அதே கதைதான். எங்கள் ஒழுங்கையில் ஒரு பெடியன், போன வருசம் ஓ.எல். பரீட்சை எழுதியவன், டிப்பரில் கிளீனராகப் போகிறான். தாய் வந்து, "நீங்கள் கொஞ்சம் பழக்கிவிடுங்கோ அண்ணை" என்கிறாள். அவனோ மணல் ஏற்றும் இடத்தில் இரவில் ஓட்டிப் பார்க்கிறானாம். பின்னேரத்தில் அவனைக் கூப்பிட்டு, என் பழைய சின்ன பட்டா லொறியில் பத்து மூட்டை சீமெந்து ஏற்றி பிரேக் பிடிக்கப் பழக்குகிறேன், எங்கள் வளவுக்குள் மட்டும். தேங்காய் மட்டையில் ஒரு கோடு போட்டு, அதைத் தாண்டாமல் நிறுத்து என்கிறேன். முதல்நாள் மூன்று முறையும் தாண்டினான்.

மகளிடம் மறித்து வைக்கச் சொல்லாதே. ஒன்ராறியோவில் குறைந்தது 103.5 மணித்தியாலப் பயிற்சி கட்டாயம் என்று நீயே சொன்னாய், அது முடியட்டும். வேலைக்குப் போகும் இடத்தில் பேரன் ஒன்றைக் கேட்கவேணும், எத்தனை கிழமை பக்கத்தில் ஆள் இருப்பார் என்று. ஒரு கிழமை என்றால் வேறு கம்பனி பார்க்கச் சொல். முதல் வருசம் இரவு ஓட்டமும் வேண்டாம்.

அவன் என்ன சொல்கிறான் என்று எழுது. ஆவணியில் வந்தால் அவனையும் கூட்டிக்கொண்டு வா. டிப்பர்ப் பெடியனோடு சேர்த்து வளவில் ஓடவிட்டுப் பார்ப்போம்.

இப்படிக்கு,
உன் பழைய கூட்டாளி