மதினிக்கு, அந்தக் கடைசி ஐந்து எபிசோடைப் பற்றி

மதினி,

வியாழக்கிழமை எல்லாம் முடிந்துவிட்டதாக அம்மா சொன்னாள். பயப்படாதீர்கள், அதைப் பற்றி இங்கே ஒரு வரிகூட எழுத மாட்டேன். இந்த வலைப்பூவை யார் யார் படிக்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும், சித்தப்பா உட்பட. நான் எழுத வந்தது சீன சீரியலைப் பற்றி. அப்படியே வைத்துக்கொள்வோம்.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. 'தி ரொமான்ஸ் ஆஃப் டைகர் அண்ட் ரோஸ்' தொடரை முதலிலிருந்து போட்டேன். 24 எபிசோடு, மூன்று ராத்திரி. 2020 மே 18-ல் சீனாவில் டென்சென்ட் வீடியோ தளத்தில் வந்த தொடர், ஜூனிலேயே நம் வீட்டு மாடி அறைக்கு வந்துவிட்டது, ஒரே இயர்போன், ஆளுக்கொரு காது. எழுதியவர் பெயர் நான் ஜென் என்று டைட்டிலில் படித்தபோது "நான்-னு பேர் வச்சா யார் எழுதினதுன்னு கேட்டா என்ன சொல்றது" என்று கேட்டீர்களே, இந்தத் தடவையும் அந்த இடத்தில் சிரித்தேன், தனியாக.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், நீங்கள் எப்போதும் நான் குறைதான் சொல்வேன் என்பீர்கள். தான் எழுதின கதைக்குள்ளேயே போய் விழுந்து, மூன்றாம் எபிசோடில் சாக வேண்டிய மூன்றாவது இளவரசியாக எழுந்து உட்காருகிறவள், ரொம்ப நேரம் அழுதுகொண்டிருப்பதில்லை, கணக்குப் போட ஆரம்பித்துவிடுகிறாள். யார் எப்போது விஷம் வைப்பான், யார் யாரைக் காதலிப்பான் எல்லாம் அவளே எழுதினது. சரி, கதாநாயகன் ஹான் ஷுவோவை அவனுக்கென்று எழுதின இரண்டாவது இளவரசி சூச்சூவிடம் தள்ளிவிட்டால் உயிர் பிழைக்கலாம் என்று பார்க்கிறாள். அவள் தள்ளத் தள்ள அவன் அதைப் பொறாமை என்கிறான், ஊடல் என்கிறான், இவளுக்கு என்மேல் இவ்வளவு ஆசையா என்று உருகுகிறான். ஹான் ஷுவோவாக வருகிற அந்த டிங் யூசி ஒரு இடத்தில்கூட 'நான் காமெடி பண்ணுகிறேன் பாருங்கள்' என்று காட்டிக்கொள்வதில்லை. டிராகன் எலும்பைத் திருட வந்த பயங்கரமான ஆள் என்ற நம்பிக்கையோடயே கடைசிவரை நடிப்பதால்தான் சிரிப்பு வருகிறது. இளவரசியாக வருகிற சாவ் லூசிக்கு அப்போது 21 வயது, முகத்தில் ஒரே நொடியில் நாலு திட்டம் ஓடும். மற்ற சரித்திரத் தொடர்கள் 40, 50 எபிசோடு இழுக்கும்போது இது 24-ல் முடித்ததும் புண்ணியம்.

குறை என்றால், அரண்மனை ஐஸ்கிரீம் பார்லர் மாதிரி இருக்கிறது, அதை விடுங்கள். பாதிக்கு மேல் சுரங்கம், படை, சதி என்று போய் சிரிப்பு காணாமல் போகிறது. பொறுப்பாக வேலை பார்த்துக்கொண்டிருந்த சூச்சூவைத் தடாலென்று வில்லியாக்கிவிடுகிறார்கள். இதெல்லாம் அப்போதே பேசினோம்.

நான் சொல்ல வந்தது அந்த இளவரசியின் ஊரான ஹுவாயுவான் நகரம்.

ஏழாவதோ எட்டாவதோ எபிசோடு. பதவியெல்லாம் பெண்களுக்கு, அடக்கம் ஒழுக்கம் எல்லாம் ஆண்களுக்கு. நீங்கள் முந்தானையை வாயில் அமுக்கிக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தீர்கள். அம்மாவுக்கு இங்கிலீஷ் சப்டைட்டில் படிக்க வராது என்பது நமக்கு எவ்வளவு வசதியாக இருந்தது. அப்போதுதான் கீழேயிருந்து குரல் வந்தது. "காபி போட இந்த வீட்டுல ஆளில்லையா?" யார் குரல் என்று எழுத வேண்டாம். நான் என்ன செய்தேன் தெரியுமா மதினி? வீடியோவை நிறுத்தினேன். அவ்வளவுதான். நீங்கள் இயர்போனைக் கழற்றி என் மடியில் வைத்துவிட்டுப் படியிறங்கிப் போனீர்கள். காபி ஆற்றுகிற சத்தம் மாடிவரை கேட்டது. கால் மணி நேரம் கழித்து வந்து, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, "எங்க விட்டோம்" என்றீர்கள். சிரிக்கவில்லை, அப்புறம் அந்த எபிசோடு முடியும்வரை சிரிக்கவே இல்லை. நானோ, ஒரு நிமிஷம்கூட உங்களை விட்டுவிட்டுப் பார்க்கவில்லையே, நான் எவ்வளவு நல்ல நாத்தனார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு 19 வயது அப்போது. ஆன்லைன் பரீட்சை வேறு. நான் எழுந்து போயிருந்தால் "அவ போகாம நீ ஏன் வந்த" என்று அதுவும் உங்கள் தலையில்தான் விழுந்திருக்கும், அது உங்களுக்குத் தெரியாதா? சாக்குதான். ஆனால் பொய்யில்லை. அம்மாவும் கெட்டவள் இல்லை, அவளும் அந்தக் காபியை முப்பது வருஷம் போட்டவள். இதை எதற்கு இங்கே எழுதுகிறேன்.

அன்றைக்கு ராத்திரி நான் பெரிய மேதாவி மாதிரி, இந்தத் தொடர் கோழைத்தனமானது, சட்டையை உள்பக்கம் வெளியே திருப்பிப் போட்டுவிட்டுப் புதுச் சட்டை என்கிறது என்று பேசினேன். நீங்கள் தைத்துக்கொண்டிருந்த ஜாக்கெட்டைத் திருப்பிக் காட்டி, "திருப்பினாத்தானே தையல் தெரியும்" என்றீர்கள். அதற்குப் பதில் இவ்வளவு வருஷமாக எனக்குக் கிடைக்கவில்லை. இப்போது ஒன்று சொல்லிப் பார்க்கிறேன். கதை எதிர் நகரமான சுவான்ஹூவுக்குப் போகிறதே, அங்கே பெண்களுக்கு அதே கட்டுப்பாடுகள்தான், ஆனால் ஒன்றுக்கும் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் அது பழகிப்போனது. ஹுவாயுவானில் ஆண் பட்டால் ஜோக், சுவான்ஹூவில் பெண் பட்டால் வெறும் பின்னணி. தொடர் தையலைக் காட்டியது வாஸ்தவம், பிரிக்கவில்லை. கடைசியில் இரண்டு நகரத்தின் நியாயமும் ஒரு ஜோடி சேருவதில் போய் முடிகிறது.

பெய் ஹெங் விஷயத்தில் நீங்கள் சொன்னதுதான் சரி. நான் அவனை 'பாவம் பையன்' என்று கிண்டல் பண்ணினேன். அவனுக்கு நிச்சயமாகியிருந்தவள் உடம்பில் வேறு ஒருத்தி வந்து உட்கார்ந்திருக்கிறாள், அதை அவனிடம் சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே ரொம்ப நாளாகிறது. அவளைப் பொறுத்தவரை அவன் தான் எழுதின துணைப் பாத்திரம்.

ஆனால் நீங்கள் மட்டும் என்ன செய்தீர்கள்?

19 வரை சேர்ந்து பார்த்தோம். "மிச்சம் அஞ்சும் ஆடி முடிஞ்சு வந்து பாப்போம், நீ மட்டும் பாத்திராத" என்று சொன்னது நீங்கள். இ-பாஸ் எடுத்து உங்கள் அப்பா கார் கொண்டுவந்தார். நான் பார்க்கவில்லை. சத்தியமாக ஒரு நிமிஷம்கூட. உங்கள் போனிலும் என் யூடியூப் கணக்கைத்தான் போட்டிருந்தோம் என்பதை மறந்துவிட்டீர்கள் போல. ஆடி பாதிகூடத் தாண்டவில்லை, ஒருநாள் காலையில் பார்க்கிறேன், 20-லிருந்து 24 வரை ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் அந்தச் சிவப்புக் கோடு இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஓடியிருக்கிறது. அம்மாவுக்குத் தெரிவதற்கு முன்னால், ஏன், அண்ணனுக்குத் தெரிவதற்கு முன்னாலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, நீங்கள் வரப்போவதில்லை என்று. யாரிடமும் வாய் திறக்கவில்லை. ஆவணி பிறந்து இங்கே எல்லோரும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தபோதும் சொல்லவில்லை. அதையாவது கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு ஒரு வார்த்தை எழுதியிருக்கலாம், 'நீ பார்த்து முடி' என்றாவது.

இப்போது பார்த்து முடித்துவிட்டேன். அவள் கண் விழிக்கிறாள், தன் சொந்த உலகத்தில் இருக்கிறாள், அவன் முகத்தோடு ஒரு நடிகனும் அங்கே இருக்கிறான், சுபம். எனக்குப் பிடிக்கவில்லை. தனக்கு வழி கிடைத்ததும் கிளம்பிவிட்டாள், அந்த நகரத்தில் விட்டுவந்த ஆட்களைப் பற்றி யாராவது கேட்கிறார்களா? நீங்கள் அந்த 24-ஐ எத்தனை தடவை பார்த்தீர்களோ தெரியாது. ஒரு தடவைதான் என்றாலும் எனக்குக் கோபம்தான். பிழைத்துப் போனவள் நன்றாக இருக்கட்டும் என்றும் இருக்கிறது. இரண்டும் ஒரே மூச்சில் வருகிறது, நான் என்ன செய்ய.

இன்னொன்று. அந்தக் கணக்கிலிருந்து உங்கள் போனை நான் எடுக்கவில்லை, பாஸ்வேர்டும் அதேதான். போன மாதம் ராத்திரி பதினோரு மணிக்கு யாரோ ஆரி வேலை வீடியோ மூன்று பார்த்திருக்கிறார்கள். எனக்கு ஊசியில் நூல் கோர்க்கவே வராது.