லாஜிக்கல் ரீசனிங் நடத்தும் டெல்டா ஆசிரியர்களுக்கு

தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, மன்னார்குடிப் பக்கம் போட்டித் தேர்வு வகுப்பு எடுக்கும் ஆசிரியர்களுக்கு வணக்கம்.

நானும் கிளாட் (சட்டப் படிப்பு), ஜிமேட் (மேலாண்மைப் படிப்பு) நுழைவுத் தேர்வுகள் எழுதும் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துபவன்தான். ‘கீழ்க்கண்டவற்றுள் எது உண்மையானால் இந்தக் கருதுகோள் மிகவும் வலுப்பெறும்?’ என்று ஒரு வகைக் கேள்வி வருமே, அதை நாம் நடத்துகிற விதம் பற்றித்தான் இந்தக் கடிதம். ‘ஆய்வு, சதவீதம் என்றெல்லாம் வரும் ஆப்ஷனை டிக் அடி, சில என்று தொடங்குவதை விட்டுவிடு’ என்று குறுக்குவழி சொல்லிக்கொடுக்கும் வகுப்புகள் நிறைய. சமயத்தில் அது பலித்தும் விடுகிறது, அதுதான் வம்பு.

நம்மூர் வயலிலேயே ஒரு கேள்வி எடுத்துக்கொள்வோம். சம்பாவில் பூச்சிமருந்து அதிகம் அடித்த வயல்களில்தான் புகையான் பூச்சியும் அதிகம் இருந்தது. ஆகவே மருந்துதான் புகையானைப் பெருக்குகிறது என்கிறார் ஒரு பூச்சியியலாளர். இதை எது வலுப்படுத்தும்? ‘புகையான் தூரில் உட்கார்ந்து சாற்றை உறிஞ்சுவதால் பயிர் வட்ட வட்டமாகக் காய்ந்துவிடும்’ என்ற ஆப்ஷனைப் பிள்ளைகள் ஓடிப்போய்ப் பிடிக்கிறார்கள். கண்ணால் பார்த்த உண்மையாயிற்றே! ஆனால் கேட்ட கேள்விக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மருந்து அடித்ததால் புகையான் வந்ததா, புகையான் வந்ததால் மருந்து அடித்தார்களா? விவசாயி வீட்டுப் பிள்ளைக்கு இந்தச் சந்தேகம் தானாகவே வரும், நாம் குறுக்கே நிற்காமல் இருந்தால். ‘மருந்து அடிக்கும் முன் எல்லா வயலிலும் பூச்சி ஒரே அளவில்தான் இருந்தது’ என்ற ஆப்ஷன் அந்தச் சந்தேகத்தைத் தீர்க்கிறது. ‘அந்த மருந்து புகையானைத் தின்னும் சிலந்திகளைக் கொன்றுவிடுகிறது’ என்பதும் வலு சேர்க்கும், எப்படிப் பெருகுகிறது என்று காட்டுவதால். (இது கற்பனைக் கதையில்லை. இந்தோனேசியா 1986இல் நெல்லுக்கு 57 பூச்சிமருந்துகளைத் தடை செய்ததற்குப் பின்னால் இந்தப் புகையான்தான் இருந்தது.) இரண்டையும் ஒரே கேள்வியில் வைத்துவிட்டு, விடைத்தாளில் ஒரு எழுத்தை மட்டும் போட்டு அனுப்பும் மாதிரித் தேர்வுகளை என்ன சொல்ல!

வகுப்பில் நடத்த இதைவிட நல்ல விஷயம் ஒன்று இருக்கிறது. நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலாயாவுக்குப் பிழைக்கப் போனவர்களின் வழித்தோன்றல்கள் இந்தப் பக்கத்து ஊர்களில் இன்றும் உண்டு. அந்தக் காலத்து மலாயாவில் பெரிபெரி நோய் ஆளை வாரிக்கொண்டு போனது. தீட்டிய சயாம் (தாய்லாந்து) பச்சரிசி சாப்பிட்ட சீனத் தொழிலாளர்களுக்கு அது அதிகம் வந்தது, புழுங்கல் அரிசி சாப்பிட்ட தமிழர்களுக்கு அபூர்வம். அரிசிதான் காரணம் என்று பிராடன் என்ற மருத்துவர் சொன்னார். நம்பலாமா? இரு கூட்டத்துக்கும் வேலை வேறு, குடியிருப்பு வேறு, மற்ற சாப்பாடும் வேறு. கருதுகோளுக்கு இது கொஞ்சம் பலம்தான், அதற்கு மேல் இல்லை.

அப்புறம் வந்தார் வில்லியம் ஃபிளெட்சர் என்ற இன்னொரு மருத்துவர். 1905 டிசம்பரில், கோலாலம்பூர் மனநல விடுதியில் இருந்தவர்களை வரிசையாக நிற்கவைத்து எண் போட்டார். ஒற்றைப்படை எண்காரர்களுக்கு ஒரு கட்டடம், முன்பிருந்த அதே சயாம் அரிசி. இரட்டைப்படைக்கு எதிர்க் கட்டடம், இந்தியப் புழுங்கல் அரிசி. மற்ற சாப்பாடெல்லாம் ஒன்றுதான். சயாம் அரிசிக்காரர்களில் 18 பேர் பெரிபெரியால் இறந்தார்கள், புழுங்கல் பக்கம் ஒருவரும் இல்லை. ஒருவேளை கட்டடத்தில் தொற்று இருந்தால்? அதற்கும் வழி செய்தார். பாதியில் இரு கூட்டத்தையும் கட்டடம் மாற்றிப் போட்டார். நோய் கட்டடத்தோடு நிற்கவில்லை, அரிசியோடு போனது.

இதை ஆப்ஷன்களாக மாற்றிப் பாருங்கள். எண் போட்டுப் பிரித்தது ஒரு சந்தேகத்தை அடைக்கிறது, கட்டடம் மாற்றியது இன்னொன்றை. அவ்வளவு செய்தும், அரிசியில் விஷம் இருக்கலாம், ஏதோ சத்துக் குறையலாம், அல்லது அது உடம்பைத் தளர்த்தி வேறு நோய்க்கு வழிவிடலாம் என்று எல்லாவற்றையும் திறந்தே வைத்தார் ஃபிளெட்சர். தவிட்டிலிருக்கும் தயமின் என்ற சத்து தீட்டும்போது போய்விடுகிறது, புழுக்கும்போது அரிசிக்குள் இறங்கித் தங்குகிறது என்பதெல்லாம் பின்னால் தெரிந்தது. ‘சார், இது நிரூபிக்கலையே’ என்று சரியான ஆப்ஷனை ஒதுக்கிவிடும் மாணவனுக்கு இந்த இடத்தை நிதானமாகக் காட்டவேண்டும். கேள்வி கேட்பது நிரூபணத்தை இல்லை. முன்பைவிட நம்பிக்கை கூடுகிறதா என்பதைத்தான்.

என் வேண்டுகோள் பெரிதாக ஒன்றுமில்லை. ஆப்ஷன்களைக் காட்டுவதற்கு முன் ‘வேறு என்ன காரணம் இருக்கலாம்?’ என்று நோட்டில் எழுத இரண்டு நிமிடம் கொடுங்கள். தமிழ் வழியில் படித்து வந்தவர்கள் தமிழிலேயே எழுதட்டும், ஆங்கிலம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். மாதிரித் தேர்வு தயாரிப்பவர்கள், தவறான ஆப்ஷன் ஒவ்வொன்றும் ஏன் தவறு என்று ஒரு வரியாவது விடைத்தாளில் எழுதுங்கள். அப்படி எழுத உட்கார்ந்தாலே எந்தக் கேள்விக்கு இரண்டு விடை இருக்கிறது என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.

இப்படிக்கு,
கும்பகோணத்தில் மாலை வகுப்பு எடுக்கும் ஓர் ஆசிரியர்