ஜூன் வேண்டாம், செப்டம்பரில் வா

அன்புள்ள முருகேசா,

உன் மடல் பார்த்தேன். பேத்தி நடை பழகிவிட்டாள் என்பதிலும் உன் முழங்கால் வலி தணிந்திருப்பதிலும் எனக்கு ரொம்ப சந்தோஷம். மகளைப் பார்க்க டென்வர் வரும்போது ஒரு வாரம் என்னோடு மீன் பிடிக்க வருகிறேன் என்று எழுதியிருக்கிறாயே, அதைப் படித்ததிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை.

இடத்தைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். யூட்டாவில் ஃபிளேமிங் கார்ஜ் அணைக்குக் கீழே ஓடும் கிரீன் ஆறுதான். சால்ட் லேக் சிட்டியிலிருந்து வெர்னல் ஊருக்குக் காரில் மூன்று மணி நேரம், அங்கிருந்து மலையேறி இறங்கினால் அணை. அதன் அடிவாரத்திலிருந்து லிட்டில் ஹோல் என்ற இடம் வரை ஏழு மைல், இரண்டு பக்கமும் செம்பாறை, கரையோரமாகவே நடைபாதை. தண்ணீர் அவ்வளவு தெளிவு. ஆளுயர ஆழத்திலும் கூழாங்கல் மேல் நிற்கும் ட்ரவுட் மீனின் புள்ளிகள் தெரியும்.

தேதியைப் பற்றித்தான் பேச வேண்டும். ஜூன் முதல் வாரம் சில்வண்டு தண்ணீரில் விழுகிற காலம், அப்போதே வரலாம் என்கிறாய். சில்வண்டு விழும் வருடத்தில் பெரிய பிரவுன் ட்ரவுட் மேலே வந்து வாயைத் திறப்பதைப் பார்ப்பது தனி அனுபவம்தான், மறுக்கவில்லை. ஆனால் மே கடைசியிலும் ஜூனிலும் அணையிலிருந்து வழக்கத்தைவிடப் பல மடங்கு தண்ணீர் திறந்துவிடக்கூடும். அப்போது கரையோரம் நிற்க இடமே இருக்காது.

ஏன் திறக்கிறார்கள் என்பதை உனக்குச் சொல்லியாக வேண்டும். 1962 செப்டம்பரில், அணையை மூடி நீரைத் தேக்குவதற்கு முன்னால், கிரீன் ஆற்றிலும் அதில் சேரும் ஓடைகளிலும் 400 மைலுக்கும் மேல் ரோட்டினோன் என்ற நஞ்சைக் கலந்தார்கள். சொந்த ஆற்று மீன்களை உதவாத மீன் என்று ஒழித்துவிட்டு ட்ரவுட் விடுவதற்காக. கீழே பிரவுன்ஸ் பார்க்கில் பெர்மாங்கனேட் போட்டு நஞ்சை முறிக்கத் திட்டமிட்டிருந்தார்கள். அது முழுதாக முறியாமல் டைனோசர் தேசிய நினைவிடப் பகுதிக்குள்ளும் பாய்ந்தது. முதுகு கூன் விழுந்த ரேசர்பேக் சக்கர், ஆறடி வரை வளரும் பைக்மின்னோ எல்லாம் அந்த ஆற்றுக்காரர்கள். பைக்மின்னோ நம்மூர்க் கெண்டைக்கு உறவு. நஞ்சில் தப்பியவற்றுக்கும் அணையின் அடியாழத்திலிருந்து வந்த குளிர்ந்த நீர் ஒத்துக்கொள்ளவில்லை. அந்தக் குளிரில் ட்ரவுட்டே சரியாக வளராமல்தான், 1978இல் மேல்மட்ட நீரை எடுக்கும் அமைப்பைப் பொருத்தினார்கள்.

இப்போது என்ன செய்கிறார்கள் தெரியுமா? வெயில் ஏறியதும், அணைக்கு வெகு கீழே ஜென்சன் என்ற ஊர்ப் பக்கம் ஆற்றோரத்தில் இரவில் விளக்குப் பொறி வைத்து, ரேசர்பேக் குஞ்சு வந்துவிட்டதா என்று பார்க்கிறார்கள். நகக்கண் அளவு, கண்ணாடி மாதிரி இருக்கும் குஞ்சு. அது கண்ணில் பட்டதும் மேலே அணையில் நீரைக் கூட்டுகிறார்கள், ஆறு பொங்கிக் கரையோரச் சதுப்புக்குள் குஞ்சுகளைக் கொண்டு சேர்க்கட்டும் என்று. எந்த மீனை நஞ்சு வைத்துக் கொன்றார்களோ அதே மீனுக்காகவே இன்று மதகு திறக்கிறது. அந்த நாட்களில் நமக்கு மீன் பிடிக்க முடியாமல் போனால் போகட்டும், முருகேசா. எனக்கு அதில் துளியும் வருத்தமில்லை.

நாம் அவலாஞ்சியில் தூண்டில் போட்ட ரெயின்போ ட்ரவுட் நினைவிருக்கிறதா? 1907இல் பண்ணை வைத்து நீலகிரியில் குடியேற்றிய மீன். அதன் பூர்வீகம் பசிபிக் கடலில் போய்ச் சேரும் ஆறுகள். கிரீன் ஆற்றுக்கும் அது அயலூர் மீன்தான். அதைப் பிடிப்பது எனக்குப் பிடிக்கும், இனியும் பிடிப்பேன். ஆனால் யாருடைய வீட்டில் அது இருக்கிறது என்று தெரிந்துகொண்டு பிடிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். அதனால் ஒரு நாள் தூண்டிலை வண்டியிலேயே வைத்துவிட்டு, ஆறு மலையைப் பிளந்து வெளியே வரும் ஸ்பிளிட் மவுன்டனுக்குப் போகலாம்.

ஆகவே செப்டம்பர். வெட்டுக்கிளிக் காலம், கூட்டம் குறைவு. அணையின் ஏரியில் சேரும் ஷீப் கிரீக் ஓடையில் கோகனி சால்மன் அப்போது செக்கச்செவேல் என்று மாறி முட்டையிட ஏறி வரும். அங்கே அந்தச் சமயம் பிடிக்கத் தடை, கரையில் நின்று பார்க்கலாம். போகிற வழியில் ஸ்ட்ராபெரி நீர்த்தேக்கம் இருக்கிறது, ஒரு மாலை நேரம் போதும் அதற்கு.

அப்புறம் சில விஷயங்கள். அணைக்குக் கீழே மண்புழு, மாவு எதுவும் கூடாது. செயற்கை ஈயும், லூர் என்கிற போலி இரையும்தான். யூட்டா உரிமம் ஆன்லைனில் எடுத்துவிடலாம். மின் உற்பத்திக்காக நீர் ஒரே நாளில் ஏறி இறங்கும். நீ ஆற்றில் கால் வைக்கும்போதே நீர்விளிம்பில் ஒரு குச்சி நட்டுவிடு. குச்சியின் அடி நனைய ஆரம்பித்தால், மீன் கடித்துக்கொண்டிருந்தாலும் உடனே கரையேற வேண்டும். மழை பெய்தால் ரெட் கிரீக் செம்மண்ணைக் கொண்டுவந்து லிட்டில் ஹோலுக்குக் கீழே ஆற்றைக் கலக்கிவிடும், அன்றைக்கு மேல் பகுதியிலேயே இருந்துகொள்வோம்.

கோல், தங்கூசி எல்லாம் என்னிடம் இருக்கிறது. நீ கம்பளிக் காலுறை மட்டும் நல்லதாக இரண்டு ஜோடி கொண்டு வா. அந்தத் தண்ணீரின் குளிர் எலும்பு வரை ஏறும். ராஜாமணியையும் கேட்டுப் பார், துடுப்பு நான் போட்டால் படகில் இரண்டு பேர் உட்கார்ந்து பிடிக்கலாம். டிக்கெட் போடுவதற்கு முன்னால் தேதியைச் சொல், நான் லீவு எழுதிக் கொடுக்க வேண்டும்.

அன்புடன்,
சேது